நெல்லைச் சீமையில் பால்புதுமையர் உரிமைக்கு வேலை செய்வது எப்படி: தெருவில் தொடங்கி ஆட்சியர் அலுவலகம் வரை

பால்புதுமையர் என்றால் திருநர், தன்பாலை விரும்புவோர் போன்றோர். இவர்கள் விஷயத்தில் சட்டம் ஓரளவு நம் பக்கம் வந்தாயிற்று. 2014 ஏப்ரல் 15 அன்று, தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் போட்ட நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் திருநர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றது. தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே உண்டு என்றும் சொன்னது. 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்த இருவர் மனமொத்து உறவு கொள்வதை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவின் கீழ் குற்றமாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே கிடையாது.

ஆனால் களக்காட்டிலோ கடையத்திலோ வாடகைக்கு வீடு கேட்டுப் போகும் திருநங்கைக்கு இன்னும் கதவைச் சாத்துகிறார்கள். தோழியோடு வாழ ஆசைப்படும் பெண்ணை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு மாப்பிள்ளை தேடுகிறார்கள். தீர்ப்புக்கும் தெருவுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கிறது. அதைக் குறைக்கும் வேலையை டெல்லியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்து யாரும் செய்து தரப்போவதில்லை. உள்ளூர் ஆட்கள்தான் செய்ய வேண்டும். அப்படிச் செய்ய முன்வரும் நான்கைந்து பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் பேரணி, கொடி, மேடை எதுவும் வேண்டாம். ஒரே ஒரு அலுவலகத்தில் ஒரே ஒரு காரியத்தை முடித்து, அதற்குக் கையெழுத்துப் போட்ட காகிதத்தை வாங்குங்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் அடுத்த ஆள் நம்பி வருவார்.

படி 1: ஆட்களைச் சேர்ப்பது

ஐந்தாறு பேர் போதும். எல்லோரும் 18 வயது முடிந்தவர்களாக இருக்கட்டும். ஒரு வக்கீல், அல்லது திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் படித்து முடித்த ஒரு பிள்ளை. ஒரு நர்ஸ் அல்லது டீச்சர். பிள்ளையை ஏற்றுக்கொண்ட ஒரு அம்மாவோ அப்பாவோ. இந்தக் கடைசி ஆள் கிடைப்பது கஷ்டம், கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

திருநங்கைகள் இல்லாமல் இந்தச் சீமையில் எதுவும் தொடங்கக் கூடாது என்பேன். அடி, அவமானம், போலீஸ் கெடுபிடி எல்லாவற்றையும் வருடக்கணக்காக வெளிப்படையாக நின்று வாங்கியவர்கள் அவர்கள்தான். திருநங்கைகள் குடும்பம் போலக் கூடி வாழும் ஜமாத்தில் மூத்த அம்மாவைப் போய்ப் பாருங்கள். காலையில் போகாதீர்கள், பலரும் கடைகளில் காசு கேட்கக் கிளம்பியிருப்பார்கள். சாயங்காலம் போங்கள். சித்திரையில் கூவாகம் திருவிழா, புரட்டாசி, ஐப்பசி வாக்கில் குலசேகரப்பட்டினம் தசரா என்று ஆட்கள் ஊரில் இருக்க மாட்டார்கள், அந்த நாட்களில் கூட்டம் வைக்காதீர்கள். போனதும் நோட்டை எடுத்து விவரம் கேட்கத் தொடங்கினால், இன்னொரு சர்வேக்காரர் வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். “அம்மா, உங்களுக்கு இப்போதைக்கு எந்த ஆபீஸ்ல வேலை நின்னு போயி கெடக்கு?” என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும்.

திருநம்பிகளும் (பிறப்பில் பெண் என்று சொல்லப்பட்டு ஆணாக வாழ்கிறவர்கள்), பெண்ணை விரும்பும் பெண்களும் கண்ணில் பட மாட்டார்கள். வீட்டை விட்டு வெளியே வரவே அவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். கூட்டத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால் வர முடியாது. போன் பேச்சு, கல்லூரித் தோழி, தையல் வகுப்பு என்று அவர்களால் வர முடிகிற வழியில்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டும்.

அப்புறம் சாதி. இதைப் பேசாமல் நெல்லையில் எந்தக் குழுவும் நிலைக்காது. ஐந்து பேரும் ஒரே சாதியாக இருந்தால் ஆறாவது ஆள் வாசல் வரை வந்து திரும்பிப் போய்விடுவார். ஒருவர் தெருவுக்குள் இன்னொருவர் சகஜமாக வர முடியாத ஊர்களும் இருக்கின்றன. அதனால் யார் வீட்டிலும் கூடாதீர்கள். பாளையங்கோட்டையிலோ ஜங்ஷன் பக்கமோ ஒரு தொழிற்சங்க அலுவலகம், நூலகத்தின் ஒரு அறை, ஒரு வக்கீல் ஆபீஸ் பாருங்கள். ஜங்ஷன் என்றால் தென்காசி ரயிலிலும் தூத்துக்குடி பஸ்ஸிலும் வருகிறவர்களுக்கு வசதி. ஆயிரம் வேலையாக டவுனுக்கு வந்தேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளவும் முடியும்.

படி 2: யாரையும் காட்டிக் கொடுக்காமல் இருப்பது

இங்கே ஒரு பெயரும் ஊரும் தெரிந்தால் போதும், “அது யாரு மகன்?” என்று மூன்றாவது கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே சில விதிகளைத் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தால் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிந்துவிடும், தெரியாத ஆட்களை அதில் சேர்க்காதீர்கள். தகவல் சொல்ல மட்டும் என்றால் பிராட்காஸ்ட் போதும். கூட்டத்தில் படம் எடுப்பதில்லை என்று முடிவு செய்யுங்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள், கூட்டத்தில் வைத்துக் கேட்டால் மாட்டேன் என்று சொல்லக் கூச்சப்படுவார்கள். ஒருவரைப் பற்றி அவருடைய வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ அவர் சொல்லாமல் நாம் சொல்வது எந்த நல்ல நோக்கத்துக்காகவும் கூடாது.

டேட்டிங் ஆப் வழியாகப் பழகி, நாற்கரச் சாலை ஓரமாக வரச் சொல்லி, அடித்துப் பணத்தையும் போனையும் பறிப்பது நடக்கிறது. “வீட்டுக்குச் சொல்லிடுவோம்” என்ற மிரட்டலுக்குப் பயந்து பலர் புகாரே கொடுப்பதில்லை. இப்படி யாராவது வந்தால் முதலில் பணம் அனுப்புவதை நிறுத்தச் சொல்லுங்கள். சாட்டையும் பணம் போன விவரத்தையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குச் சீக்கிரம் அழைத்தால் போன பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. புகாரில் மிரட்டிப் பணம் பறித்தார்கள் என்பதுதான் விஷயம். பாதிக்கப்பட்டவர் யாரை விரும்புகிறார் என்பதை அதில் விலாவாரியாக எழுத வேண்டியதில்லை.

18 வயது முடியாத பிள்ளை உதவி கேட்டு வந்தால் நீங்களாக எங்கேயும் கூட்டிப் போய்த் தங்க வைக்காதீர்கள். 1098-க்குச் சொல்லி, வக்கீலைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

படி 3: ஒரு பைல் தயார் செய்வது

அதிகாரியிடம் வாயால் பேசுவது காற்றோடு போகும். ஒரு பைலில் கீழ்க்கண்டவற்றின் நகல்களைப் போட்டு, முக்கியமான பத்திகளை மஞ்சள் கோடிட்டு வையுங்கள். நானாக இருந்தால் இரண்டு பைல் வைப்பேன், ஒன்று போலீஸுக்கு, ஒன்று மற்ற அலுவலகங்களுக்கு.

முதலில் வர வேண்டியது சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று போட்ட உத்தரவு. மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு இளம்பெண்கள் போட்ட வழக்கு அது. விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நீதிபதி தானே உளவியல் ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுதினார். பெற்றோர் ‘காணவில்லை’ என்று புகார் கொடுத்து, விசாரித்ததில் இருவரும் வயது வந்தவர்கள், சொந்த விருப்பத்தில் போனவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஒருவரின் ஈர்ப்பை ‘மாற்றுகிறேன்’ என்று செய்யும் சிகிச்சைக்கும் அதில் தடை உண்டு. இந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022-இல் தமிழ்நாடு சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதி சேர்க்கப்பட்டது. பால்புதுமையரையோ அவர்களுக்காக வேலை செய்கிறவர்களையோ போலீஸார் துன்புறுத்தக் கூடாது என்பது அந்த விதி. அதாவது உங்களுக்கும் அதில் பாதுகாப்பு இருக்கிறது.

இரண்டாவது நம் மண்ணிலிருந்தே போன வழக்கு. தூத்துக்குடி கோயிலில் 2018-இல் திருமணம் செய்துகொண்ட ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் பதிவு செய்து தர மறுத்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரல் 22 அன்று, இந்து திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று சொல்லி, பதிவு செய்ய உத்தரவிட்டார். ஆண், பெண் என்று பிறப்பில் தெளிவாகப் பிரிக்க முடியாத உடலமைப்புள்ள இடைப்பாலினக் குழந்தைகளுக்கு, உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய, பாலின அறுவைச் சிகிச்சை செய்யக் கூடாது என்று தமிழ்நாடு அரசு அதே வருடம் தடை போட்டதும் இந்தத் தீர்ப்பை ஒட்டித்தான். சார்பதிவாளர் அலுவலகத்தில் தயங்கினால் இந்த நகல் பேசும்.

மூன்றாவது, 2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்ற இரு நீதிபதிகள் அமர்வு கொடுத்தது. குடும்பத்தாரால் பிடித்து வைக்கப்பட்ட 25 வயதுப் பெண் தன் தோழியோடு போகலாம் என்று அனுப்பியதோடு, குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்பதில்லை, தானே தேர்ந்துகொண்ட உறவும் குடும்பம்தான் என்றது. இப்படிப் புகார் வந்தால் போலீஸ் உடனே செயல்பட வேண்டும் என்றும் சொன்னது.

இத்தோடு திருநர் பாதுகாப்புச் சட்டம் 2019, அதன் 2020 விதிகள், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017. சட்டத்திலும் விதியிலும் திருத்தம் வந்துகொண்டே இருக்கும். மனு எழுதும் அன்று நடப்பில் இருக்கும் வாசகத்தை வக்கீலிடம் சரிபார்த்த பிறகே மேற்கோள் காட்டுங்கள். பழைய வாசகத்தைக் காட்டினால் முழு மனுவையும் ஓரங்கட்டிவிட அதுவே காரணமாகிவிடும்.

எதிர்பார்ப்பையும் சரியாக வையுங்கள். 2023 அக்டோபர் 17 அன்று ஒருபால் திருமணத்துக்கு உச்ச நீதிமன்றம் அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. தன்பாலீர்ப்பு ஜோடிக்குத் திருமணப் பதிவு இன்று கிடைக்காது. கிடைக்கும் என்று யாருக்கும் ஆசை காட்டாதீர்கள்.

படி 4: ஜெயிக்கக் கூடிய ஒரு கோரிக்கையைப் பிடிப்பது

‘சம உரிமை வேண்டும்’ என்று மனு கொடுத்தால் அது எந்த மேஜைக்குப் போகும்? எந்த அலுவலர் என்ன செய்ய வேண்டும் என்று காகிதத்தில் தெரிய வேண்டும். சில உதாரணங்கள்:

குடும்ப அட்டை. இது வட்ட வழங்கல் அலுவலர் வேலை. சேர்ந்து வாழும் தன்பாலீர்ப்பு இணையரை ரேஷன் அட்டைக்கு ஒரே வீட்டாராகக் கருத வேண்டும் என்று 2024-இல் மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

வங்கிக் கணக்கு. இருவரும் சேர்ந்து கணக்குத் தொடங்கவும், இணையரை நாமினியாகப் போடவும் எந்தத் தடையும் இல்லை என்று 2024 ஆகஸ்ட் 28 அன்று நிதி அமைச்சகம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கிளை மேலாளருக்குத் தெரியாமல் இருக்கலாம், அச்செடுத்துக் கொண்டு போங்கள்.

நல வாரிய உதவிகள். இந்தியாவிலேயே முதலாவதாகத் திருநங்கையருக்கு நல வாரியம் 2008 ஏப்ரல் 15 அன்று தமிழ்நாட்டில்தான் அமைந்தது. சொந்தத் தொழிலுக்கு ரூ.50,000 வரை மானியம், 40 வயதுக்கு மேற்பட்ட ஆதரவற்றோருக்கு மாத ஓய்வூதியம் எல்லாம் அதன் வழியாக உண்டு. மாவட்டச் சமூக நல அலுவலரைப் பார்க்க வேண்டும்.

பெரிதாக யோசிக்கவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. கோவில்பட்டி பக்கம் மந்தித்தோப்பில் திருநங்கைகள் வீட்டுமனை கேட்டார்கள், வீடு கேட்டார்கள், அப்புறம் மாடு வளர்த்துப் பால் கூட்டுறவுச் சங்கமும் அமைத்துக்கொண்டார்கள். ஒன்று கிடைத்த பிறகு அடுத்தது என்று வந்ததுதான் அது.

இனி மனு கொடுக்கும் நாள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். திருநெல்வேலிக்காரர்கள் ஆட்சியர் அலுவலகம் இருக்கும் கொக்கிரகுளத்துக்குப் போக வேண்டும். சங்கரன்கோவில், கடையநல்லூர், செங்கோட்டை, ஆலங்குளம் ஆட்கள் 2019 முதல் தென்காசி ஆட்சியரிடம்தான் போக வேண்டும். இது தெரியாமல் கொக்கிரகுளம் வந்து ஒரு நாள் கூலியை விட்டவர்கள் உண்டு.

வாசலில் போலீஸார் பையைச் சோதிப்பார்கள். கந்துவட்டிக் கொடுமையால் 2017-இல் ஒரு குடும்பமே இந்த வளாகத்தில் தீக்குளித்து மாண்டது, அதனால்தான் இந்தக் கெடுபிடி. சோதனையில் கோபப்படாதீர்கள். ஆனால் திருநங்கைகளை ஆண் காவலர் தொட்டுச் சோதிக்க வந்தால், “பெண் போலீஸைக் கூப்பிடுங்க சார்” என்று நிதானமாகக் கேளுங்கள். கூட வருகிறவர் இதற்கென்றே முன்னால் நிற்கட்டும். முதல் நாளே இது ஒரு பாடமாக அங்கே பதிந்துவிடும்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். இந்த மாதிரி எழுதலாம்:

*அனுப்புநர்: (பெயர், முகவரி, கைபேசி எண்)*
*பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், திருநெல்வேலி.*
*பொருள்: திருநங்கையான எனக்குக் குடும்ப அட்டை வழங்கக் கோருதல் தொடர்பாக.*
*மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன். குடும்ப அட்டை கேட்டு ______ தேதியில் ______ வட்ட வழங்கல் அலுவலகத்தில் விண்ணப்பித்தேன் (எண் ______). பெற்றோர் அட்டையில் பெயர் இருப்பதாகக் கூறி நிறுத்தி வைத்துள்ளார்கள். நான் பெற்றோருடன் வசிக்கவில்லை. ஆகவே அந்த அட்டையிலிருந்து என் பெயரை நீக்கி, எனக்குத் தனி அட்டை வழங்க வட்ட வழங்கல் அலுவலருக்கு உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.*

இணைப்பு என்று போட்டு நகல்களை வரிசையாகச் சொல்லுங்கள். பதிவு செய்யும் இடத்தில் மனு எண் வாங்காமல் நகராதீர்கள். அந்த எண்ணை வைத்துத்தான் பிறகு நடப்பைப் பார்க்க முடியும், அரசிடம் முறையிடும் எண்ணான 1100-லும் கேட்க முடியும். ஆட்சியரிடம் கொடுக்கும்போது கிடைப்பது அரை நிமிடம். பாதிக்கப்பட்டவரே பேசட்டும், இரண்டு வாக்கியம் போதும். நாம் பக்கத்தில் நின்றால் போதும்.

படி 5: பதில் வராதபோது

ஒரு மாதம் பார்த்துவிட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவில் மனுப் போடுங்கள். வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு.

“ஏன் தரவில்லை?” என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்லக் கடமை இல்லை என்று முடித்துவிடுவார்கள். “இந்த எண்ணுள்ள மனு எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பப்பட்டது, அவர் எழுதிய குறிப்பின் நகல் தருக” என்று கேளுங்கள். “கடந்த மூன்று ஆண்டுகளில் திருநர் சான்றிதழ் கேட்டு வந்த விண்ணப்பங்கள் எத்தனை, வழங்கியவை எத்தனை, நிராகரித்தவை எத்தனை” என்று கேளுங்கள். கையில் வரும் எண்கள்தான் அடுத்த மனுவுக்கு அடிப்படை. ஒரு எச்சரிக்கை: மனுதாரர் பெயரும் முகவரியும் அலுவலகத்தில் பல கைகளுக்குப் போகும். வெளியே சொல்லிக்கொள்ளாத யாருடைய பெயரிலும் இதைப் போட வேண்டாம், வக்கீல் பெயரில் போடுங்கள்.

படி 6: போலீஸ் ஸ்டேஷன் வாசலில்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். சாதி மாறிக் காதலித்ததற்கே வெட்டு விழுகிற ஊர் இது. இரண்டு பெண்கள் சேர்ந்து ஊரை விட்டுப் போனால், அதுவும் வேறு வேறு சாதி என்றால், இரட்டை ஆபத்து.

போக முடிவு செய்துவிட்ட இருவர் உங்களிடம் வந்தால், அவர்களுக்காக நீங்கள் முடிவெடுக்காதீர்கள். ஆனால் இதையெல்லாம் செய்யச் சொல்லுங்கள். ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் அசலாகக் கையில் இருக்கட்டும். இருவரும் தனித்தனியாக, தம் கையெழுத்தில், “எனக்கு இத்தனை வயது, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் என் விருப்பத்தில் போகிறேன், என் குடும்பத்தாரால் என் உயிருக்கு ஆபத்து இருக்கிறது” என்று எழுதி, வயதுச் சான்று நகலோடு, இருவர் ஊர் காவல் நிலையத்துக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்ப வேண்டும். மாநகர எல்லைக்குள் என்றால் மாநகரக் காவல் ஆணையருக்கு. நகையோ பணமோ வீட்டிலிருந்து எடுத்துப் போகக் கூடாது, திருட்டு வழக்குப் போட அது போதும்.

புகார் வந்து போலீஸ் கூப்பிட்டால் வக்கீலோடுதான் போக வேண்டும். “ஊருக்கு வாங்க, பெரியவங்களை வச்சுப் பேசி முடிப்போம்” என்று எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாலும் ஊருக்குத் திரும்பக் கூடாது. பேசுவது என்றால் ஸ்டேஷனில், இல்லையென்றால் மாஜிஸ்திரேட் முன்னால். சுஷ்மா உத்தரவும் 24-சி விதியும் உள்ள பைலை மேஜையில் வையுங்கள். பெரும்பாலான இன்ஸ்பெக்டர்கள் வாய்ச்சண்டையை விடக் காகிதத்துக்குக் கட்டுப்படுவார்கள்.

ஒருவரை வீட்டில் அடைத்துவிட்டார்கள் என்றால் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு (அடைத்து வைத்தவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் மனு) போட வேண்டும். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டங்களும் அதன் எல்லைக்குள்தான். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. எண் 15100.

அடி, மிரட்டல், வீட்டை விட்டுத் துரத்தல் போன்றவற்றில் புகார் கொடுத்தால் குறைந்தது புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் வராதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவில் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

படி 7: வீடு

அலுவலகத்தை விட இது மெதுவான வேலை. பீடி சுற்றும் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும் நூலும், கை நிற்காமல் ஓடுகிறது. மகனைப் பற்றிப் பேச்சு வந்ததும் கை நின்றுவிடுகிறது.

“இவன் இப்பிடின்னு வெளிய தெரிஞ்சா, இவன் தங்கச்சிய யாரு மதினி கெட்டுவா?”

இதற்கு அரசியல் சாசனத்தின் 14-ஆவது பிரிவு பதில் ஆகாது. அந்த அம்மாவின் பயம் உண்மையானது. “பயமாத்தான் இருக்கும் மதினி. எனக்கும் இருந்துச்சு. பையன் நேத்தும் இதே பையந்தானே? ஆஸ்பத்திரிக்கு உங்களக் கூட்டிட்டுப் போறதும் அவந்தானே?” என்று தொடங்கலாம். தங்கை கல்யாணம் முடியும் வரை யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம் என்று அம்மா கேட்டால், மகனுக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டு ஒத்துக்கொள்ளலாம். ஆனால் மகனுக்குக் கட்டாயக் கல்யாணம் என்ற பேச்சில் மட்டும் விட்டுக் கொடுக்காதீர்கள். இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையும் அதில் இருக்கிறது. இதைச் சொன்னால் பெண்ணைப் பெற்ற அம்மாக்களுக்குச் சட்டென்று புரிகிறது.

சிலர் பிள்ளையைக் கோடாங்கியிடம், ஜெபக் கூட்டத்துக்கு, தர்காவுக்குக் கூட்டிப் போவார்கள். பிரார்த்தனையோடு நின்றால் சண்டை போடாதீர்கள். கட்டி வைப்பது, அடிப்பது, பட்டினி போடுவது என்று போனால் அது குற்றம், உடனே தலையிடுங்கள். டாக்டரிடம் கூட்டிப் போய் ‘மாற்றித் தாங்க’ என்று கேட்டால், அப்படிச் செய்வது மருத்துவ ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்திருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். தன்பாலீர்ப்பு நோயில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பிள்ளை மனம் உடைந்து கிடந்தால் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416-க்கு எந்நேரமும் தமிழில் பேசலாம். முதல் தடவை நீங்களே கூடப் போங்கள்.

படி 8: ஊர் நடுவில்

இந்த மண்ணுக்கு வேஷம் புதிதில்லை. சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்து என்றால் ஆண்கள் பெண் வேஷம் கட்டி ஆடுவார்கள், ஊரே விடிய விடியப் பார்க்கும். குலசை தசராவில் ஆண்கள் சேலை கட்டிக் காளியாக வந்தால் காலில் விழுவார்கள். சங்கரன்கோவிலில் ஓர் உடம்பில் இரண்டு தெய்வம். பெரியவர்களிடம் பேச்சைத் தொடங்க இது உதவும். அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொடை முடிந்த மறுநாள் அதே ஆளுக்கு வாடகை வீடு கிடைக்காது என்பதுதான் நாம் பேச வேண்டிய விஷயம்.

கிராம சபை வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த ஊரில் வாக்குரிமை உள்ள திருநங்கை ஒருவர் எழுந்து வீட்டுமனைப் பட்டா, ஊரக வேலைத் திட்ட அட்டை என்று கேட்டு, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்கலாம். தலைவரை இரண்டு நாள் முன்பே பார்த்துச் சொல்லிவிடுங்கள். திடீரென்று கேட்டால் யாருக்கும் கௌரவப் பிரச்சினையாகிவிடும்.

பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலும் அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகத்திலும் ராகிங் தடுப்புக் குழுவைப் பிடியுங்கள். பாலினம், பாலீர்ப்பு காரணமாகக் கேலி செய்வதும் ராகிங்தான் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2016-இல் விதியைத் திருத்தியிருக்கிறது. கல்லூரி அறிவிப்புப் பலகையில் அந்த ஒரு வரியை ஒட்ட வைத்தாலே விடுதியில் தனியாகத் தவிக்கும் பிள்ளைக்குத் தெம்பு வரும்.

பத்திரிகைக்காரர்களுக்குச் செய்தி கொடுக்கும்போது பெயர், படம், ஊர் வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள். எந்தச் சொற்களைப் பயன்படுத்தலாம் என்று தமிழ்நாடு அரசு 2022-இல் வெளியிட்ட பட்டியலையும் சேர்த்துக் கொடுத்தால் கொச்சையான தலைப்பு வராது.

படி 9: வீதிக்கு வருவது

1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கி வந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடிக்கு ஓடித் தாமிரபரணியில் விழுந்து 17 பேர் செத்தார்கள். ஊர்வலம் என்றாலே போலீஸுக்கும் மக்களுக்கும் அந்த நினைவு இங்கே இன்னும் இருக்கிறது. ஆகவே அனுமதி இல்லாமல் ஒரு அடி கூட எடுத்து வைக்காதீர்கள். நாள், நேரம், பாதை, ஆட்கள் எண்ணிக்கை எழுதி முன்கூட்டியே மனுக் கொடுத்து, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். முதல் நிகழ்ச்சி உள்ளரங்கில் நடக்கட்டும். ஏப்ரல் 15 திருநங்கையர் தினம் என்று அரசே கொண்டாடுகிறது, அந்த நாளில் வைத்தால் அதிகாரிகளும் வரத் தயங்க மாட்டார்கள். முகம் காட்ட விரும்பாதவர்கள் பின்வாசல் வழியாக வந்துபோக ஏற்பாடு இருக்கட்டும்.

படி 10: பணம், பதிவு

தொடக்கத்தில் நகல் எடுக்கும் செலவு, தபால், பஸ் காசு அவ்வளவுதான். ஒரு நோட்டில் எழுதி மாதம் ஒரு தடவை எல்லோருக்கும் காட்டுங்கள். ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதியலாம், ஆனால் பதிவில் பெயரும் முகவரியும் பொதுவில் போகும். ஒரு வருடம் வேலை செய்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே இருக்கும் மாதர் சங்கமோ தொழிற்சங்கமோ தன் பெயரில் இடம் கொடுத்தால் அதுவே மேல்.

பைலின் முதல் பக்கத்தில் இந்த எண்களை எழுதி ஒட்டுங்கள்: அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098, இலவசச் சட்ட உதவிக்கு 15100, மனநல உதவிக்கு 14416, சைபர் மோசடிக்கு 1930, அரசிடம் முறையிட 1100. அடியில் உங்கள் குழுவில் இரவில் போன் எடுக்கக் கூடிய இருவர் எண். முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள், ஒரே ஆள் எல்லா இரவும் எடுத்தால் ஆறு மாதத்தில் ஓய்ந்துவிடுவார்.